பிஎஃப்எக்ஸ் பைலைக் கடைக்கு அனுப்பாதீர்கள்: பிரவுசரில் டிஜிட்டல் சான்றிதழைப் பேணும் முறை

டிஜிட்டல் சான்றிதழ் வழங்கும் நிறுவனத்திடமிருந்து வரும் அந்த பைல் மிகச் சிறியது. சில கிலோபைட்தான். பெயரின் கடைசியில் பிஎஃப்எக்ஸ் அல்லது பி12 என்று இருக்கும். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரோ, சங்கமொன்றின் பொருளாளரோ அதைப் போனில் பெற்றதும் செய்கிற முதல் வேலை, சந்தியில் இருக்கும் கொமினிகேசன் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதுதான். “மனே, இத ஒருக்கா ஏத்தித் தாங்க.” அடுத்த மெசேஜில் பாஸ்வேர்ட். கடைக் கொம்பியூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரில், யாரோ ஒருவரின் அடையாள அட்டைப் பிரதிக்கும் இன்னொருவரின் ஓ.எல். பெறுபேற்றுத் தாளுக்கும் நடுவே அது போய் உட்கார்ந்துகொள்கிறது. வேலை முடிந்து காசைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர், தன் கையொப்பத்தையே கடையில் விட்டுவிட்டுப் போகிறார். அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்தப் பழக்கம் இன்னும் மாறவில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிஜிட்டல் சான்றிதழ் என்றால் என்ன என்பதை நம் ஊர் சமாதான நீதவானை வைத்து விளங்கிக்கொள்ளலாம். ஜேபி ஒருவர் உங்கள் ஆவணப் பிரதியில் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, பதிவு இலக்கத்தை எழுதித் தருகிறார். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அந்தப் பிரதியை ஏற்றுக்கொள்வது உங்களைத் தெரியும் என்பதற்காக அல்ல, அந்த ஜேபியை நம்பலாம் என்பதற்காக. சான்றிதழும் அப்படித்தான். ‘இந்தப் பொதுத்திறப்பு இன்னாருடையது’ என்று ஒரு சான்றிதழ் அதிகாரசபை கையொப்பமிட்டுத் தருகிறது. பொதுத்திறப்பு என்பது பப்ளிக் கீ, உங்கள் கையொப்பம் உங்களுடையதுதானா என்று பிறர் சரிபார்க்க உதவும் டிஜிட்டல் திறப்பு. எந்தெந்த அதிகாரசபைகளை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் பிரவுசரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ரூட் பட்டியல் என்கிறோம்.

பொதுத்திறப்புக்கு ஒரு சோடி உண்டு. அது தனித்திறப்பு, பிரைவேட் கீ. சான்றிதழை ஊருக்கெல்லாம் காட்டலாம், அதில் இரகசியம் எதுவும் கிடையாது. தனித்திறப்பை வைத்திருப்பவர்தான் உங்கள் பெயரில் கையொப்பமிடவும், உங்கள் பெயரில் ஒரு தளத்துக்குள் நுழையவும் முடியும். சிஇஆர், சிஆர்டி என்று முடியும் பைல்களில் வழக்கமாகச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். பிஎஃப்எக்ஸ், பி12 பைல்களில் சான்றிதழோடு தனித்திறப்பும் சேர்ந்திருக்கும். அதனால்தான் அவற்றுக்குப் பாஸ்வேர்ட். பிஇஎம் என்று முடிவதில் இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். அதை நோட்பேடில் திறந்து, ‘பிகின்’ என்று தொடங்கி ‘பிரைவேட் கீ’ என்று முடியும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த பைலுக்குப் பணப்பெட்டிக்குரிய மரியாதை கொடுக்க வேண்டும்.

சட்டப் பக்கத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலங்கையில் மின்கையொப்பத்துக்கு அங்கீகாரம் தருகிறது. 2017இல் 25ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டது. லங்காபே நிறுவனத்தின் லங்காசைன் போன்ற சேவைகள் இங்கேயே சான்றிதழ் வழங்குகின்றன. உங்கள் திறப்பால் வேறொருவர் கையொப்பமிட்டால், அது நான் போட்டதில்லை என்று காட்டுகிற சுமை நடைமுறையில் உங்கள் தலையில்தான் விழும்.

இனி, பிரவுசர் இதை எங்கே வைக்கிறது என்பது. பலரும் தவறாக நினைத்திருக்கும் இடம் இதுதான். வின்டோஸில் குரோமும் எட்ஜும் உங்கள் சான்றிதழைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. வின்டோஸின் சான்றிதழ்க் களஞ்சியத்தில்தான் அது போய்ச் சேர்கிறது. ஆகவே குரோமை அழித்துவிட்டு மீண்டும் போட்டாலும் சான்றிதழ் அப்படியே இருக்கும். ஹிஸ்டரியைத் துடைத்தாலும் இருக்கும். இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தாலும் அதே சான்றிதழ் அங்கே வந்து நிற்கும். ‘இன்காக்னிட்டோவில்தானே செய்தேன், ஒன்றும் தங்காது’ என்ற நினைப்பு இந்த விடயத்தில் முழுப் பிழை. அந்த வின்டோஸ் கணக்கில் அடுத்து உட்காரும் எவருக்கும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஃபயர்பொக்ஸ் வேறு மாதிரி. அதற்குத் தனிக் களஞ்சியம் உண்டு. உங்கள் புரொபைல் போல்டருக்குள் சேர்ட்9, கீ4 என்ற பெயர்களில் இரண்டு தரவுத்தள பைல்கள் இருக்கும். முதலாவதில் சான்றிதழ்கள், இரண்டாவதில் திறப்புகளும் சேமித்த பாஸ்வேர்ட்களைப் பூட்டும் திறப்பும். செட்டிங்ஸில் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ வைத்தால் அந்தக் கீ4 பைலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. வைக்காவிட்டால், புரொபைல் போல்டரை பென் ட்ரைவில் கொப்பி பண்ணுகிறவர் திறப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவார். வின்டோஸ் களஞ்சியத்தில் உள்ள சான்றிதழையும் புதிய ஃபயர்பொக்ஸ் எடுத்துக் காட்டும். 2021இல் வந்த 90ஆவது பதிப்பிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள்தான் ‘குரோமில் வருது, ஃபயர்பொக்ஸில் வருதில்ல’ என்று குழம்புவார்கள்.

ஏற்றும் முறைக்கு வருவோம். பிஎஃப்எக்ஸ் பைலை இரட்டைக் கிளிக் செய்தால் வின்டோஸின் இம்போர்ட் ஜன்னல் வரும். முதல் கேள்வி: ‘கரன்ட் யூசர்’ஆ, ‘லோக்கல் மெஷின்’ஆ? கரன்ட் யூசரைத் தெரிவு செய்யுங்கள். லோக்கல் மெஷின் என்று போட்டால் அது உங்கள் கணக்கோடு நிற்காமல் முழுக் கொம்பியூட்டரின் களஞ்சியத்துக்கும் போய்விடும். அடுத்து பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்தில் சில சின்னப் பெட்டிகள் இருக்கும். எல்லோரும் பார்க்காமலே ‘நெக்ஸ்ட்’ அடிக்கும் பக்கம் இது. ஆனால் முழுப் பாதுகாப்பும் இதில்தான் தீர்மானமாகிறது.

‘எனேபிள் ஸ்ட்ரோங் பிரைவேட் கீ புரொடெக்சன்’ என்ற பெட்டியில் சரி போடுங்கள். போட்டால் ஒவ்வொரு தடவையும் திறப்பைப் பயன்படுத்தும் முன் வின்டோஸ் உங்களைக் கேட்கும். அதிலும் ‘ஹை’ என்ற மட்டத்தைத் தெரிந்தெடுத்தால் பாஸ்வேர்ட் ஒன்றும் கேட்கும். அடிக்கடி கையொப்பமிடுகிறவர்களுக்கு இது கரைச்சல்தான். கரைச்சல் இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாமல் பின்னணியில் ஏதேனும் நிரல் கையொப்பமிட முயன்றால் அந்தக் கேள்வி ஜன்னல்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே அறிகுறி.

‘மார்க் திஸ் கீ அஸ் எக்ஸ்போர்ட்டபிள்’ என்ற பெட்டியை, மூல பிஎஃப்எக்ஸ் பைல் பத்திரமாக வேறிடத்தில் இருந்தால், வெறுமையாக விடுங்கள். அப்போது அந்தக் கொம்பியூட்டரிலிருந்து திறப்பைச் சும்மா எடுத்துப் போக முடியாது. இதற்கென்றே உள்ள கருவிகள் வைத்திருப்பவனை இது தடுக்காது, ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவரைத் தடுக்கும். மூல பைல் தொலைந்துபோய், ஏற்றியதும் எக்ஸ்போர்ட் பண்ண முடியாததாக இருந்தால், லப்டொப் பழுதான அன்றைக்குச் சான்றிதழும் போய்விடும். ஆகவே பெட்டியை வெறுமையாக விடுமுன் பெக்கப் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தக் களஞ்சியத்தில் வைப்பது என்று கேட்கும்போது தானாகத் தெரிவு செய்யும்படி விட்டுவிடுங்கள். சிலர் ‘டிரஸ்டட் ரூட்’ என்பதைத் தாங்களாகவே தெரிவு செய்கிறார்கள். சான்றிதழ் ஏறியிருக்கும், தளத்தில் மட்டும் வராது. ஒருவருடைய சொந்தச் சான்றிதழ் ‘பேர்சனல்’ என்ற அறைக்குள்தான் இருக்க வேண்டும்.

ஏற்றிய பிறகு சரி பார்ப்பதற்கு, வின்டோஸ் தேடல் பெட்டியில் ‘மனேஜ் யூசர் சேர்ட்டிபிகேட்ஸ்’ என்று அடியுங்கள். வரும் ஜன்னலில் பேர்சனல், அதற்குள் சேர்ட்டிபிகேட்ஸ். உங்கள் பெயரை இரட்டைக் கிளிக் செய்தால் முதல் பக்கத்தின் அடியில், ஒரு சிறு திறப்புப் படத்தோடு, இந்தச் சான்றிதழுக்குரிய தனித்திறப்பு உங்களிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் நீங்கள் ஏற்றியது வெறும் சிஇஆர் பைல். எத்தனை தடவை திரும்ப ஏற்றினாலும் தளம் அதை ஏற்காது. பிஎஃப்எக்ஸ் பைலைத் தேடி எடுங்கள், அல்லது விண்ணப்பித்த அதே கொம்பியூட்டரில் திறப்பு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்பொக்ஸில் இதே வேலைக்கு: செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, கீழே போய் ‘வியூ சேர்ட்டிபிகேட்ஸ்’, அதில் ‘யுவர் சேர்ட்டிபிகேட்ஸ்’, பிறகு இம்போர்ட்.

பாஸ்வேர்ட் சரியாக அடித்தும் பிழை என்று சொன்னால் உடனே வழங்குநரைக் குறை சொல்லாதீர்கள். பிஎஃப்எக்ஸ் பைலைப் பூட்டும் முறையில் பழசு, புதுசு என்று இரண்டு உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 போன்ற புதிய கருவிகள் ஏஇஎஸ்-256 முறையில் பூட்டுகின்றன. பழைய வின்டோஸ் 7 கொம்பியூட்டருக்கு அந்தப் பூட்டுப் புரியாது. ஆனால் ‘புரியவில்லை’ என்று சொல்லாமல் ‘பாஸ்வேர்ட் பிழை’ என்று சொல்லும். இதனால் நல்ல பாஸ்வேர்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுச் சான்றிதழுக்குக் காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பைலை வின்டோஸ் 10 அல்லது 11 உள்ள உங்கள் வேறொரு கொம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு தலைவலி: சான்றிதழ் இருக்கிறது, திறப்பும் இருக்கிறது, ஆனால் தளத்துக்குப் போனால் தெரிவுப் பட்டியலில் அது வருவதில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் நடுவில் உள்ள கண்ணி. தளம் பிரவுசரிடம், ‘இன்னின்ன அதிகாரசபைகள் வழங்கிய சான்றிதழ்களை மட்டும் ஏற்பேன்’ என்று ஒரு பட்டியலை அனுப்பும். உங்கள் சான்றிதழிலிருந்து அந்த அதிகாரசபைக்குப் போகும் சங்கிலியில் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று குறைந்தால், பிரவுசரால் தொடர்பு கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உங்களுடையதைக் காட்டாமலே விட்டுவிடும். வழங்குநரின் தளத்திலிருந்து இடைநிலைச் சான்றிதழை இறக்கி ‘இன்டர்மீடியட்’ அறையில் போட்டால் தீர்ந்தது.

பட்டியல் வந்து, அவசரத்தில் வேறு சான்றிதழைத் தெரிவு செய்துவிட்டால் குரோம் அந்தத் தெரிவை நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்காது. பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் மூடித் திறக்க வேண்டும். ஃபயர்பொக்ஸில் அதே சான்றிதழ் ஜன்னலில் ‘ஒதென்டிகேசன் டிசிசன்ஸ்’ என்று ஒரு பக்கம் உண்டு, அங்கே போய் அந்தத் தளத்துக்குரிய வரியை அழித்துவிடுங்கள்.

பெக்கப். வின்டோஸில் சான்றிதழை வலது கிளிக் செய்து, ஓல் டாஸ்க்ஸ், எக்ஸ்போர்ட். ‘யெஸ், எக்ஸ்போர்ட் த பிரைவேட் கீ’ என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் கிடைப்பது பெக்கப்பே அல்ல. சங்கிலியில் உள்ள எல்லாச் சான்றிதழ்களையும் சேர்க்கும் பெட்டியில் சரி போடுங்கள். அதற்குக் கீழே, எக்ஸ்போர்ட் முடிந்ததும் தனித்திறப்பை அழித்துவிடும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். பூட்டும் முறையில் ஏஇஎஸ்-256 இருந்தால் அதையே எடுங்கள். ஃபயர்பொக்ஸில் ‘பெக்கப்’ என்ற ஒரு பொத்தான் போதும், பி12 பைலாகத் தரும்.

இரண்டு பென் ட்ரைவில் வையுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. மாரி வெள்ளம் நமக்குப் புதிதல்ல, தண்ணீர் வாசற்படி ஏறும்போது அலுமாரியின் கீழ்த் தட்டில் கிடக்கும் பென் ட்ரைவ் யாருக்கும் ஞாபகம் வராது. ஒன்றை வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில், ஒட்டிய உறைக்குள் கொடுத்து வைக்கலாம். பாஸ்வேர்டை அந்த உறையில் எழுதிவிடாதீர்கள். பாஸ்வேர்டுக்குத் தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்தால் போதும். பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம், கடை டவுன்லோட்ஸில் அவை ஏற்கெனவே கிடக்கின்றன. முக்கியமாக, பெக்கப் எடுத்த அன்றைக்கே அதை உங்கள் வேறொரு கொம்பியூட்டரில் ஏற்றிப் பாருங்கள். பாஸ்வேர்ட் மறந்துபோன பெக்கப் வெறும் குப்பை. வழங்குநராலும் அதைத் திறந்து தர முடியாது, ஏனென்றால் அந்தப் பாஸ்வேர்ட் அவர்களிடம் இல்லை.

பென் ட்ரைவ் போலச் செருகும் யுஎஸ்பி டோக்கனில் சான்றிதழ் தருவார்களானால் அதையே வாங்குங்கள் என்பது என் முடிவான கருத்து. அதில் திறப்பு டோக்கனுக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. கையொப்பமிடும் கணக்கே டோக்கனுக்குள்தான் நடக்கிறது. கொப்பி எடுக்க வழியில்லை என்பதால் பெக்கப்பும் இல்லை. தொலைந்தால் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். கொம்பியூட்டரில் அந்த டோக்கனுக்குரிய மென்பொருளைப் போட வேண்டும். ஃபயர்பொக்ஸில் சில டோக்கன்கள் தானாக வராது. ‘செக்கியூரிட்டி டிவைசஸ்’ என்ற பொத்தானை அழுத்தி, ‘லோட்’ கொடுத்து, அந்த மென்பொருளின் பிகேசிஎஸ்11 பைலைக் காட்ட வேண்டும். டோக்கனைத் திறக்கும் ‘பின்’ இலக்கத்தை ஊகித்து அடிக்காதீர்கள். சில தடவை பிழைத்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், அதற்குமேல் போனால் உள்ளே இருப்பது நிரந்தரமாகப் பூட்டிவிடும். கையொப்பமிட்டு முடிந்ததும் கழற்றி எடுங்கள், நாள் முழுக்கச் செருகி வைக்க வேண்டிய பொருளல்ல அது. கல்லடி, ஒலுவில், திருக்கோவில் போன்று கடலோரத்தில் இருப்பவர்கள் அதை மூடியோடு ஒரு சிறு சிப் பையில் வையுங்கள். உப்புக் காற்றுக்கு யுஎஸ்பி முனை துருப்பிடித்துவிடும்.

டோக்கன் இல்லை, சொந்தக் கொம்பியூட்டரும் இல்லை, கடையில்தான் செய்தாக வேண்டும் என்றால்? செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். களஞ்சியத்திலிருந்து சான்றிதழை அழித்தாலும் அதன் திறப்பு பைல் வட்டில் தங்கிவிடக்கூடும். டவுன்லோட்ஸில் ஒரு பிரதி, ரீசைக்கிள் பின்னில் ஒரு பிரதி, கடைக்காரரின் வட்ஸ்அப் வெப்பில் ஒரு பிரதி, அவருடைய போனில் ஒரு பிரதி. கடைக்காரத் தம்பி நல்லவராகவே இருப்பார். அவருடைய கொம்பியூட்டரில் நாளொன்றுக்கு எத்தனை பேருடைய பென் ட்ரைவ் ஏறி இறங்குகிறது என்பதுதான் கேள்வி. உறவினர் ஒருவரின் லப்டொப்பை இரவல் வாங்கி, அதில் உங்களுக்கென்று தனி வின்டோஸ் கணக்கு ஒன்று திறந்து, பாஸ்வேர்ட் வைத்துச் செய்வது எவ்வளவோ மேல். முடிந்ததும் அந்தக் கணக்கையே, அதன் பைல்களோடு சேர்த்து அழித்துவிடலாம்.

ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றால், பைலின் பாஸ்வேர்டை மாற்றுவதில் பயனில்லை. வெளியே போன பிரதிக்குப் பழைய பாஸ்வேர்ட் பழையபடியே வேலை செய்யும். வழங்குநரைத் தொடர்புகொண்டு அந்தச் சான்றிதழை இரத்துச் செய்யச் சொல்லுங்கள், காரணம் ‘திறப்பு வெளியே போய்விட்டது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்போது அவர்கள் கேட்பது தொடரிலக்கம், சீரியல் நம்பர். ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக நீளமாக இருக்கும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்கே அந்தத் தொடரிலக்கத்தையும், முடிவுத் திகதியையும், வழங்குநரின் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் கையால் எழுதி வையுங்கள். லப்டொப் களவு போன இரவில் அந்த ஒரு தாள்தான் கைகொடுக்கும்.

இதுவரை சொன்னது நம்முடைய சான்றிதழ். தளங்கள் நமக்குக் காட்டும் சான்றிதழ் அடுத்தது. ‘யுவர் கனெக்சன் இஸ் நொட் பிரைவேட்’ என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்தால் அதன் அடியில் உள்ள சின்ன எழுத்துக்களை வாசியுங்கள், காரணம் அங்கேதான் இருக்கிறது.

‘டேட் இன்வேலிட்’ என்று இருந்தால் முதலில் உங்கள் கொம்பியூட்டரின் திகதியைப் பாருங்கள். ஒரு தளம் மட்டுமென்றால் அந்தத் தளக்காரர் புதுப்பிக்க மறந்திருப்பார். எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் சிவப்பானால் பிழை உங்கள் பக்கம். பழைய டெஸ்க்டொப்பின் மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ 3 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துப்போனால், கரண்ட் கட்டாகி வந்ததும் திகதி பல வருடங்களுக்குப் பின்னால் போய் நிற்கும். 2015இல் நிற்கும் கொம்பியூட்டருக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் பிறக்காதவை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் வின்டோஸ் தானாகத் திருத்தாமலும் விடும். திகதியைக் கையால் சரிசெய்து, பிறகு ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். பிறகு பற்றரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டுக்கு இதே கதைதான்.

நேர வலயமும் அப்படியே. புதிதாக வின்டோஸ் போட்ட கொம்பியூட்டரில் அமெரிக்க நேர வலயத்தை மாற்றாமல், முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பி விடுவார்கள். பார்க்கச் சரியாக இருக்கும். ஆனால் சான்றிதழைச் சரிபார்ப்பது உலகப் பொது நேரத்தில். பசிபிக் நேர வலயத்தில் நம் மணியைக் காட்டும் கொம்பியூட்டர், குளிர்காலக் கணக்கில் உண்மையில் 13½ மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. செட்டிங்ஸில் +5:30, ஶ்ரீ ஜயவர்தனபுர என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

‘கொமன் நேம் இன்வேலிட்’ என்றால் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் பொருந்தவில்லை. முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தோ நீக்கியோ பாருங்கள். பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஹோட்டல் வைபையில் இது வந்தால் காரணம் வேறு: வைபை உங்களைத் தன் லொகின் பக்கத்துக்குத் திருப்பப் பார்க்கிறது, நீங்கள் திறக்க நினைத்த தளத்தின் சான்றிதழ் அதனிடம் இல்லை. ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தித் தாண்டிப் போகாதீர்கள். எஸ் இல்லாத எச்டிடிபி முகவரி ஒன்றைத் திறந்தால் லொகின் பக்கம் தானாக வரும், உள்ளே போன பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள்.

‘ஒதோரிட்டி இன்வேலிட்’ என்பதில்தான் நிதானம் வேண்டும். தளக்காரர் இடைநிலைச் சான்றிதழைப் போட மறந்திருக்கலாம். அப்போது ஒரு பிரவுசரில் திறக்கும், இன்னொன்றில் திறக்காது. அன்டிவைரஸ் நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டலாம், சான்றிதழைத் திறந்து வழங்குநர் பெயரைப் பார்த்தால் அன்டிவைரஸின் பெயரே இருக்கும். அல்லது போன் மிகப் பழசாக இருக்கலாம். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அதிகாரசபையின் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய ரூட் ஒன்று 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானது. 7.1.1க்கு முந்திய அன்ட்ரொய்ட் போன்களுக்காகச் செய்து வைத்த மாற்று வழியும் 2024 செப்டெம்பர் 30உடன் முடிந்துவிட்டது. அந்தப் போன்களில் பல தளங்கள் இன்று திறப்பதில்லை. ஃபயர்பொக்ஸுக்குச் சொந்த ரூட் பட்டியல் இருப்பதால், பழைய போனில் அது ஏறுமென்றால் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. இவை எதுவுமில்லாமல் வங்கித் தளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால், அந்த வைபையை நிறுத்தி டேட்டாவில் பாருங்கள். அப்போதும் வந்தால் அன்றைக்கு வேண்டாம்.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாத ஒன்று: எச்சரிக்கையைப் போக்குவதற்காக யாரோ அனுப்பிய ரூட் சான்றிதழை ஏற்றுவது. ரூட் ஒன்றை ஏற்றினால், அதன் சொந்தக்காரர் எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் எழுதலாம், உங்கள் பிரவுசர் வாயைத் திறக்காமல் நம்பும். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் அதிகாரசபைக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் எழுதினார்கள், ஈரானில் உள்ளவர்களின் ஜிமெயிலை இடைமறிக்க அது பயன்பட்டது. பிரவுசர்கள் அந்த அதிகாரசபையையே பட்டியலிலிருந்து தூக்கின. லெனோவோ லப்டொப்களில் சுப்பர்பிஷ் என்ற விளம்பர மென்பொருள் தன் ரூட்டோடு வந்திருந்தது 2015இல் அம்பலமானது. எல்லா லப்டொப்களிலும் ஒரே தனித்திறப்பு. அதை ஒருவர் கண்டுபிடித்ததும் எல்லோருடைய பூட்டும் திறந்துகொண்டது.

உங்களிடம் அப்படி ஏதும் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கலாம். அன்ட்ரொய்ட் செட்டிங்ஸில் ‘டிரஸ்டட் கிரெடென்சியல்ஸ்’ என்று தேடி, ‘யூசர்’ பக்கத்தைத் திறவுங்கள். வேலைத்தலத்தில் போட்டுத் தந்ததாக இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். குரோமில் சான்றிதழ் மேலாளர் பக்கத்தில் ‘இன்ஸ்டோல்ட் பை யூ’ என்ற இடம் அதுவே.

பூட்டுப் படத்தைப் பார்த்து நம்புகிற காலம் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 செப்டெம்பரில் வந்த குரோம் 117 அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. ‘உங்கள் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள்’ என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் போலித் தளத்துக்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கும். இலவசமாக, சில நிமிடத்தில் எடுக்கலாம். சான்றிதழ் சொல்வது, இந்த முகவரிக்குத்தான் நீங்கள் பேசுகிறீர்கள் என்பதை மட்டும். அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. முகவரியை வலமிருந்து இடமாக வாசியுங்கள்: தொடக்கத்தில் உள்ள எச்டிடிபிஎஸ் பகுதியை விட்டுவிட்டால், அடுத்து வரும் முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால், டொட் கொம், டொட் எல்கே போன்ற முடிவோடு கடைசியாக நிற்கும் பெயர்தான் சொந்தக்காரர். வங்கியின் பெயர் முன்னால் எத்தனை தடவை வந்தாலும் கணக்கில் இல்லை.

பாடசாலைக்கோ சங்கத்துக்கோ தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தளச் சான்றிதழின் ஆயுள் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2020 செப்டெம்பரிலிருந்து 398 நாள் இருந்தது, 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடத்துக்கொரு தடவை கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனிச் சரிவராது, தானாகப் புதுப்பிக்கும் வசதி உள்ள ஹோஸ்டிங்குக்கு இப்போதே மாறிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்தச் சான்றிதழைப் புதுப்பிக்கும் நேரம். முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்குங்கள். அடையாளம் உறுதிப்படுத்தும் வேலைக்கு நாள் எடுக்கும். புதியது வந்ததும் ஒரே பெயரில் இரண்டு சான்றிதழ்கள் பட்டியலில் நிற்கும். வின்டோஸில் சான்றிதழை வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸில் ‘பிரண்ட்லி நேம்’ என்ற இடத்தில் வருடத்தை எழுதிவிட்டால் களஞ்சியத்தில் எது எதுவென்று தடுமாற வேண்டியதில்லை. பழையதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். கையொப்பத்துக்கு மட்டும் பயன்பட்டதென்றால், புதியது எல்லாத் தளங்களிலும் வேலை செய்கிறதென்று பார்த்த பிறகு நீக்கலாம். மறைகுறியாக்கிய மின்னஞ்சல்களைப் பெற்ற சான்றிதழ் என்றால் பழைய திறப்பு இருந்தால்தான் பழைய மடல்கள் திறக்கும். புதியது அவற்றைத் திறக்காது. அந்த பிஎஃப்எக்ஸ் பைலை, பாஸ்வேர்ட் ஞாபகத்தில் இருக்கும்போதே, வருடம் எழுதிப் பெக்கப் பென் ட்ரைவில் சேர்த்து வையுங்கள்.